செலின் மதாமும் எலுமிச்சம்பழத் தாம்பாளமும்

உழவர்கரையில் டான்ஸ் ஸ்டூடியோ நடத்தும் பெண் ஒருத்தி போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலையை விட்ட செய்தி கேட்டு, மரியாதைக்கு ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய ஸ்டூடியோவில் சுவர் முழுக்கக் கண்ணாடி, ஏசி, பெரிய திரை எல்லாம் உண்டு.

"அங்கிள், உங்க கிளாஸ்ல ஒரு கண்ணாடிகூடக் கெடையாதாமே. வீடியோவும் இல்ல. அப்புறம் எப்படித்தான் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"தாம்பாளம் இருந்துச்சும்மா. அதுல ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும்" என்றேன்.

அவள் மெல்லத் திரும்பி என் மனைவி தனலட்சுமியைப் பார்த்தாள். பெரியவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். தனலட்சுமி உள்ளே போய் அந்தப் பித்தளைத் தாம்பாளத்தையே எடுத்து வந்தாள். நடுவில் ஒரு எலுமிச்சையை வைத்து, ஒரு விளிம்பை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, மறு விளிம்பைத் தான் பிடித்துக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அந்தப் பெண் முதலில் கத்தினாள், பிறகு சிரித்தாள், கடைசியில் டிவி ஸ்டாண்டில் இடித்துக்கொண்டாள். கிளம்பும்போது, "இதையெல்லாம் எழுதி வைங்க அங்கிள், எங்களுக்கு யாரு சொல்லப் போறாங்க?" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். என் பெயர் ஏழுமலை. பஞ்சாலையில் நூல் ஓட்டிக்கொண்டிருந்தவன், பிறகு ஜோடி நடனம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவன். அதுவும் புதுச்சேரி முத்தியால்பேட்டையில். இந்தக் கூத்துக்குக் காரணம் செலின் மதாம். அவர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அவருக்குப் பின் கிளாஸை நான்தான் நடத்தினேன், இந்த முழங்கால் போதும் என்று சொல்லும்வரை.

ஆலையில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் எனக்குக் கொஞ்சம் வரும். அதை வைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்த புதிது. ஒருநாள் பக்கத்துத் தெருவில் மூடிக் கிடந்த தறிக்கொட்டகையிலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு மதாம் குடிவந்திருக்கிறார், அவருடைய டேப் ரெக்கார்டர் கேசட் நாடாவைத் தின்கிறது, உடனே வரச் சொல்கிறார் என்றார்கள்.

போனேன். தறிகளை எல்லாம் எடுத்துவிட்டதால் கொட்டகை மைதானம் போல இருந்தது. நடுவில் பூப்போட்ட கவுனும் கான்வாஸ் ஷூவும் போட்ட, நெடுநெடுவென்று உயர்ந்த அம்மாள் ஒருவர் பனையோலை விசிறியோடு நின்றிருந்தார். வயது அறுபதை நெருங்கியிருக்கும். நான் டேப் ரெக்கார்டரைப் பிரித்து, உருளையைத் துடைத்து, ரப்பர் பட்டையை மாற்றிப் பாட்டை ஓட விட்டேன். வாயே இல்லாத வெறும் வாத்தியப் பாட்டு.

"சரியா ஓடுது மதாம்" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காதுல கேக்குதே மதாம்."

"இது காதால கேக்கற பாட்டு இல்ல. காலால கேக்கணும். எழுந்திரு."

திருப்புளி கையில் இருந்தபடியே என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகையை மூன்று சுற்றுச் சுற்றினார். எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஆலை மிஷின்களுக்கு நடுவே இத்தனை வருடம் ஓடியாடியவன், ஒரு அம்மாள் சுற்றிய சுற்றில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மெஷின் ஓடுது. உன் காலும் ஓடுது. நாளையிலேருந்து வந்துடு" என்றார். அவ்வளவுதான் என் இன்டர்வியூ.

மதாம் எங்கள் முத்தியால்பேட்டையில் பிறந்தவர்தான். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். கல்யாணமான கையோடு கணவருடன் ஆப்பிரிக்காவில் இருக்கிற ஜிபூத்தி போனார். பிறகு பிரான்சின் தெற்கே ஏதோ ஒரு பட்டாள ஊர். புருஷன்மார் பரேடுக்குப் போன நேரத்தில் சிப்பாய்களின் மனைவிமார் சேர்ந்து ஆடிப் பழகியதில் இவரும் பழகினார். கணவர் காலமான பிறகு மகன், "எங்கூடவே இரும்மா" என்று கெஞ்சியிருக்கிறான். "இங்க எல்லாருக்கும் ஆடத் தெரியும், எனக்கு என்ன வேலை?" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறி வந்துவிட்டார்.

நான் கற்றுக்கொண்ட கதை சுருக்கமானது. விழுந்தேன், எழுந்தேன், விசிறியால் முட்டியில் அடி வாங்கினேன், அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஆடினேன்.

எங்கள் முறையைச் சொல்கிறேன். காலையில் முதலில் தரையைக் கூட்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். காய்ந்ததும் முகப்பவுடரைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, இரண்டு காலிலும் கோணித்துண்டைக் கட்டிக்கொண்டு நான் கொட்டகை முழுக்க வழுக்கி வழுக்கித் தேய்ப்பேன். ஷூ வழுக்கவும் கூடாது, ஒட்டவும் கூடாது. அந்தப் பதம் வருகிறவரை தேய்க்க வேண்டும். தேய்த்து முடிக்கும்போது நான் இட்லி மாவில் புரண்டவன் மாதிரி இருப்பேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் பாட்டே கிடையாது. சுவர் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வர வேண்டும், குனிந்து காலைப் பார்க்கக் கூடாது. "நடக்கத் தெரியாதவங்கதான் என்கிட்ட ஆட வராங்க" என்பார் மதாம். அடுத்தது தாளம். "ஆன், தே, த்ருவா" என்று பிரெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார். "முதல் ஆளு பெரியவரு, தரையில அழுத்தி உக்காருவாரு. பின்னாடி வர்ற ரெண்டும் புள்ளைங்க, எட்டி எட்டிப் பாக்கும்." முதல் அடியை அழுத்தி வைக்க வேண்டும், அடுத்த இரண்டையும் குதிகாலைத் தூக்கி லேசாக வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை. வால்ஸ் என்கிற ஆட்டம் மொத்தமும் இந்த மூன்று அடிதான்.

அதற்கப்புறம்தான் தாம்பாளம். பிரான்சில் என்றால் கை கோத்துத் தோளைப் பிடித்து ஆடிவிடுவார்கள். முத்தியால்பேட்டையில் கட்டின பெண்டாட்டியின் கையைக் கூட நான்கு பேர் எதிரே பிடிக்கமாட்டோம். ஆரம்பத்தில் வந்த ஜோடிகள் ஆளுக்கொரு மூலையில் நின்று கூரையைப் பார்த்தார்கள். மதாம் ஒரு நிமிஷம் யோசித்தார், உள்ளே போனார், சீர்வரிசைத் தாம்பாளத்தோடு வந்தார். "தொட வேணாம். ஆளுக்கொரு பக்கம் புடிங்க." நடுவே எலுமிச்சம்பழம். ஒருத்தர் முந்தினால் பழம் அந்தப் பக்கம் உருளும், ஒருத்தர் தயங்கினால் இந்தப் பக்கம் உருளும். பழம் நடுவில் நின்றால் இரண்டு பேரும் சேர்ந்து ஆடுகிறார்கள் என்று அர்த்தம். தாம்பாளத்தோடு சுற்றிச் சுற்றி வெட்கம் போன பிறகு, ஒருநாள் மதாம் சத்தமில்லாமல் தாம்பாளத்தை உருவிவிடுவார். கைகள் தாமாகச் சேர்ந்துகொள்ளும்.

வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் எல்லா ஆண்களும் 'முசியே', எல்லாப் பெண்களும் 'மதாம்'. டீக்கடைக்காரரும் முசியேதான், போலீஸ்காரரும் முசியேதான். தொப்பை பெருத்த போலீஸ்காரர் ஒருவரிடம், "முசியே, அதை உள்ள இழுங்க, அது தனியா ஒரு ஆளு மாதிரி ஆடுது" என்று மதாம் சொன்னபோது மொத்தக் கொட்டகையும் மூச்சை நிறுத்தியது. போலீஸ்காரர்தான் முதலில் சிரித்தார்.

இதற்கிடையே என் வீட்டில் ஒரு புயல் கிளம்பியது. "ஒன் வீட்டுக்காரரு தறிக்கொட்டாய்ல யாரையோ கட்டிப் புடிச்சிக்கினு சுத்துறாரு" என்று யாரோ தனலட்சுமியிடம் சொல்லியிருக்கிறார்கள். ரிப்பேர் வேலை என்று மட்டும்தான் நான் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு அவள் நேராக வந்துவிட்டாள். வாசலில் வந்து நின்றவள் பார்த்தது என்ன? நானும் மீசை வைத்த பாத்திரக்கடை முதலாளியும் ஒரு தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி சுற்றிக்கொண்டிருந்தோம். மனைவியை அழைத்து வராத ஆண்களுக்கு நான்தான் பெண் வேஷம்.

தனலட்சுமி கேரியரைக் கீழே வைத்தாள். வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சண்டை போட வந்தவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மதாம் அவள் கையைப் பிடித்துத் தூக்கி, "சிரிக்கும்போது உன் தோள் நல்லா எறங்குது. ஆட வரும் உனக்கு" என்று சொல்லித் தாம்பாளத்தின் மறு பக்கத்தைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரமே அவள் தெருப் பெண்களை எல்லாம் திரட்டிக்கொண்டு வந்தாள். மத்தியானம் சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதற்குள் பெண்கள் கிளாஸ். எங்கள் கொட்டகையில் அதைவிடச் சத்தமான நேரம் வேறு கிடையாது.

இப்போது சிங்காரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அவரை மாதிரி ஒருவர் வந்ததில்லை.

ஒரு காலை நேரம், வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஆறடி உயரம், கதவை அடைக்கிற தோள், கருங்காலி நிறம், மடித்துக் கட்டின வேட்டி. கூடவே மீன் வாசனை. அந்த வாசனைக்குத் தெருப் பூனைகள் நாலைந்து அவர் பின்னாலேயே வந்து வாசலில் வரிசையாக உட்கார்ந்தன.

"மதாம் இருக்காங்களா? எனக்குப் பாலைத் தெறக்கக் கத்துக் குடுக்கணும்" என்றார்.

பால் பூத் தெருமுனையில் இருக்கிறது என்று நான் கை காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அவர் கனகசெட்டிக்குளத்துக்காரர். கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். மனைவி இறந்துவிட்டார், மகேஸ்வரி என்று ஒரே மகள். கைக்குழந்தையிலிருந்து அவர்தான் வளர்த்தார். அவள் சென்னையில் ஆஸ்பத்திரி நர்ஸ். மாப்பிள்ளை கூட வேலை பார்த்தவளின் அண்ணன், புதுச்சேரிப் பையன், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள கிறிஸ்தவக் குடும்பம். இருவரும் விரும்பிவிட்டார்கள். இரண்டு வீட்டிலும் ஒருவழியாகச் சம்மதித்து, கல்யாணம் பேசக் கூடியிருக்கிறார்கள். அப்போது மாப்பிள்ளையின் அத்தை, "கோயில் முடிஞ்சு சாப்பாடும் ஆனப்புறம் பொண்ணோட அப்பாதான் பாலைத் தெறக்கணும். எங்க வழக்கம் அது" என்று சொல்லியிருக்கிறார்.

பிரெஞ்சில் 'பால்' என்றால் கல்யாணத்தில் எல்லாரும் கூடி ஆடுகிற ஆட்டம். மகளோடு தகப்பன் முதல் ஆட்டத்தை ஆடினால் பாலைத் திறந்ததாகக் கணக்கு. சிங்காரத்துக்கு அது எப்படித் தெரியும்?

"அதுக்கின்னாங்க, ரெண்டு கேனாவே தெறந்துடலாம். பழமும் வெச்சிடலாம்னு சொன்னேன் மதாம். அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன், எதுக்குன்னு தெரியாம. அப்புறம் அந்தம்மா சொல்லுது, பரவால்ல, உங்களுக்கு வராது, மாப்பிள்ளையோட மாமா ஆடிடுவாருன்னு. எம் பொண்ணு தலைய குனிஞ்சிக்கினா." அவர் வேட்டி நுனியை முறுக்கினார். "அவ கையப் புடிச்சி நடக்கக் கத்துக் குடுத்தவன் நான். அன்னிக்கு வேற ஒருத்தன் புடிச்சி அழைச்சிக்கினு போனா, நான் இன்னா செத்தா பூட்டேன்?"

மதாம் விசிறுவதை நிறுத்தினார். "கல்யாணம் எப்போ முசியே?"

"அடுத்த மாசம்."

"பொண்ணுக்கு ஆடத் தெரியுமா?"

"போன்ல கேட்டேன். அதெல்லாம் தெரியும்பா, நீ ஒன்னப் பாருன்னா."

"அப்ப வேட்டிய எறக்கி விட்டுட்டு எழுந்திருங்க."

மறுநாளிலிருந்து ஏலம் முடிந்த கையோடு வந்துவிடுவார். மகள் நான்தான். ஒரு பக்கம் சிங்காரம், மறுபக்கம் நான், நடுவே தாம்பாளம். முதல் வாரத்தில் எலுமிச்சம்பழம் தாம்பாளத்தில் இருந்த நேரத்தைவிடத் தெருவில் இருந்த நேரம் அதிகம். ஒருமுறை எகிறிப் போய் எதிர் டீக்கடை பாய்லர் மேல் விழுந்தது. கடற்கரை மணலில் நடந்து பழகிய கால்; ஒவ்வொரு அடிக்கும் முழங்காலைத் தூக்கித் தொம்மென்று வைப்பார். வைக்கிற இடத்தில் என் கால் இருக்கும்.

"முசியே, இது மணல் இல்ல, சிமெண்ட்!"

"தெரியுது மதாம். காலுக்குத் தெரியல."

சாயங்காலம் நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். "வாடியம்மா கல்யாணப் பொண்ணே" என்று வரவேற்றுத் தனலட்சுமி என் கால்விரல்களுக்கு எண்ணெய் தேய்ப்பாள்.

கால்கூட மெல்லப் பழகியது. தாளம்தான் வரவே இல்லை. 'ஆன், தே, த்ருவா' அவர் வாயில் நுழையாது. தமிழில் எண்ணச் சொன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் நான்கு என்று ஒரு அடி கூடுதலாக வைத்துவிடுவார். மூன்றோடு நிறுத்தி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பது அவருக்குப் பிடிபடவில்லை. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் தாம்பாளத்தை என் கையில் கொடுத்துவிட்டு வாசற்படியில் போய்ப் பூனைகளோடு உட்கார்ந்துவிட்டார்.

"வராது மதாம். அந்த மாமனே ஆடட்டும்."

மத்தியான கிளாஸ் பெண்கள் அன்று சீக்கிரமே வந்திருந்தார்கள். மதாம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசிறியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "காலையில மீன் எப்படி?" என்று கேட்டார்.

"வஞ்சிரம் நல்லாப் போச்சி."

"எப்படி விப்பீங்க?"

"எப்படின்னா? ஏலந்தான்."

தனலட்சுமிக்கு வஞ்சிரம் என்றால் உயிர். "ஏங்கண்ணே, எங்களுக்கு ஒரு ஏலம் வுடுங்களேன்" என்று பின்னாலிருந்து கேட்டாள். சிங்காரம் வேண்டாவெறுப்பாக எழுந்தார். எலுமிச்சம்பழத்தைத் தாம்பாளத்தின் நடுவில் வைத்து, இதுதான் வஞ்சிரம் என்றார். குரலை எடுத்தார் பாருங்கள், கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்தது. பெண்கள் போட்டி போட்டுக் கேட்டார்கள். தனலட்சுமி கேட்டதற்கு மேல் யாரும் கேட்காமல் போனதும் அவர் முடிக்கத் தொடங்கினார்.

"ஒரு தரம்!" வலது கால் தரையில் அழுந்தியது. "ரெண்டு தரம்!" இடுப்பு அசைந்து, குதிகால் எழும்பியது. அப்படியே நின்று எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "மூணு தரம்!"

மதாம் எழுந்தேவிட்டார். "முசியே! அதேதான். திரும்பச் சொல்லுங்க. ஏழுமலை, பாட்டு!"

பாட்டை ஓடவிட்டேன். சிங்காரம் ஆடினார். ஒரு தரம், ரெண்டு தரம் என்று இரண்டு அடி அற்புதமாக வைத்தார். பிறகு நின்று, இன்னும் அதிகம் கேட்பதற்கு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். அதற்குள் பாட்டு எங்கேயோ போய்விட்டது. ஏலக்காரரின் பழக்கம், மூன்றாம் தரத்துக்கு முன்னால் நிற்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

"யாரும் கேக்கமாட்டாங்க முசியே! நிக்காதீங்க! வித்துடுங்க, வித்துடுங்க!" என்று மதாம் கத்தினார். பெண்கள் எல்லாரும் கைதட்டிக்கொண்டு, "வித்துடுங்கண்ணே! வித்துடுங்கண்ணே!" என்று சேர்ந்துகொண்டார்கள். தெருவில் போனவர்கள் உள்ளே என்ன வியாபாரம் என்று எட்டிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் எலுமிச்சம்பழம் தாம்பாளத்தின் நடுவில் நின்றது. அடுத்த வாரம் மதாம் தாம்பாளத்தை உருவினார். சிங்காரத்தின் கை, என் கையை மகளின் கை என்று நினைத்து மெதுவாகப் பிடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கல்யாண நாள் வந்தது. காலையில் தேவாலயம், பிறகு பக்கத்து மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு. நான் விடிந்ததும் பவுடர் டப்பாவும் கோணியுமாக மண்டபத்துக்குப் போய்த் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் என்னைப் பைத்தியம் என்று நினைத்து வெளியே துரத்தினார். மதாம் வந்து இரண்டு வார்த்தை பிரெஞ்சிலும் நான்கு வார்த்தை முத்தியால்பேட்டைத் தமிழிலும் சொன்ன பிறகு அவரே வந்து பவுடர் தூவினார்.

சாப்பாடு முடிந்தது. மண்டபத்தின் ஒரு பக்கம் கனகசெட்டிக்குளம் முழுக்க உட்கார்ந்திருந்தது. மறு பக்கம் மாப்பிள்ளை வீட்டார், கோட்டும் தொப்பியும் செண்ட் வாசனையுமாக. தனலட்சுமியும் மத்தியான கிளாஸ் பெண்களும் நடுவே இடம் பிடித்திருந்தார்கள். நான் சிடி பிளேயர் பக்கத்தில் நின்றேன். சிங்காரம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெறுங்கால். ஷூ போட்டால் தரை தெரியாது என்று மதாமிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். பெண்ணின் கையைப் பிடித்து நடுவே அழைத்து வந்தார். நான் பாட்டை ஓடவிட்டேன்.

இருவரும் அசையவில்லை.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். மதாமின் விசிறி அப்படியே நின்றது. போச்சு, ஆளுக்குக் கால் மரத்துவிட்டது என்று நினைத்து, நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்துவிட்டேன். உண்மையில் அங்கே நடந்ததைச் சிங்காரம் பிறகு எங்களிடம் சொன்னார். மகேஸ்வரி அவர் காதில், "அப்பா, எனக்கு ஆடத் தெரியாதுப்பா" என்று சொல்லியிருக்கிறாள்.

"தெரியும்னியே?"

"தெரியாதுன்னா நீ பயந்துடுவேன்னு சொன்னேன்."

நாங்கள் அத்தனை பேரும் அப்பனைத் தேற்றுவதிலேயே இருந்தோம். பெண்ணைக் கூப்பிட்டு ஒரு அடி வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்று மதாமுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சிங்காரம் ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு குனிந்து, "அவ்ளோதானே? கீழ பாக்காத. எம் மூஞ்சப் பாரு. அப்பா ஏலம் வுடுறேன், கூடவே வா" என்றிருக்கிறார். எங்களுக்குக் கேட்டது அதற்கடுத்த வார்த்தைதான். "ஒரு தரம்" என்று முணுமுணுத்துக்கொண்டு காலை எடுத்து வைத்தார். அவள் தடுமாறினாள். "ரெண்டு தரம், மூணு தரம்." பட்டுப்பாவாடை மாதிரி விரிந்த அவள் கவுன் அவர் வேட்டியில் சிக்கி விலகியது. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." ஒரு சுற்று. அவள் தோள் இறங்கியது. அடுத்த சுற்றில் அவள் சிரித்தாள்.

அவள் சிரித்ததும் அவருக்கு இடம் மறந்துவிட்டது. குரல் தானாக ஏறியது. கடற்கரையில் ஏறுகிற குரல். "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" கனகசெட்டிக்குளம் பக்கம் முதலில் திகைத்தது, அப்புறம் பிடித்துக்கொண்டது. மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று தாளம் தட்டி ஏலம் விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்ன விக்கிறாங்க?" என்று அந்த அத்தை தனலட்சுமியிடம் கேட்டார். அந்த நேரம் பார்த்து சிங்காரத்தின் கூட்டாளி ஒருவர் பழக்க தோஷத்தில், "மேல நூறு ரூபா!" என்று கத்திவிட்டார்.

"இது விக்கிறதுக்கு இல்லடா டேய்!" என்று சுற்றிக்கொண்டே சிங்காரம் பதில் கொடுத்தார்.

மண்டபம் வெடித்தது. மகள் சிரித்துச் சிரித்து அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆனால் இருவரின் கால்களும் நிற்கவில்லை. தாளத்தில் மதாம் சொன்ன பெரியவர் தரையில் அழுத்தி உட்கார்ந்தார், பிள்ளைகள் இரண்டும் எட்டி எட்டிப் பார்த்தன. நான் மதாமைப் பார்த்தேன். விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

பால் திறந்தாகிவிட்டது. பாட்டு முடிந்ததும் அத்தையே நேராக வந்து சிங்காரத்திடம், "அடுத்தது என்கூட" என்றார். பிறகு மண்டபத்தில் யார் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாத அளவுக்கு எல்லாரும் சுற்றினார்கள். பாத்திரக்கடை முதலாளி தன் மனைவியோடு ஆடினார். தனலட்சுமி கோட்டு போட்ட கிழவர் ஒருவரைத் தாளம் சொல்லிச் சொல்லி விரட்டினாள்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிங்காரம் மதாம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். வேர்த்துக் கொட்டியது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, "மதாம், நீங்க ஒரு சுத்து வர்றீங்களா?" என்றார்.

"எனக்கு என்ன முசியே, நான் சொல்லிக் குடுக்கறவ."

"இப்ப யாருக்கும் சொல்லிக் குடுக்க வேணாம். சும்மா ஆடத்தான் கூப்புடுறேன்."

மதாம் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். முகம் சிவந்தது. விசிறியை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையில் திணித்தார். சிங்காரத்தின் கையைப் பிடித்தார், ஒரு அடி வைத்தார். நேராக அவர் வெறுங்காலை மிதித்தார்.

கான்வாஸ் ஷூ. சிங்காரம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். மதாம் மறுபடி காலை எடுத்தார், மறுபடியும் மிதித்தார். அத்தனை பேருக்கும் ஆடக் கற்றுக் கொடுத்த செலின் மதாம் நடு மண்டபத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பின்னாடி போகத் தெரியாது முசியே" என்றார், சின்னப் பெண் மாதிரி. "பட்டாளத்துப் பொம்பளைங்ககூட ஆடும்போது நான்தான் உசரம்னு எப்பவும் என்னத்தான் ஆம்பளையா நிக்க வெப்பாங்க. எம் புருஷனுக்கு பரேடு தவிர ஒண்ணும் வராது. என்னை யாரும் கூட்டிக்கிட்டுப் போனதே இல்ல."

"அதுக்கின்னா மதாம்? நான் கூட்டிக்கினு போறேன், வாங்க" என்றார் சிங்காரம். "ஒரு தரம்."

மதாம் குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் ஒரு அடி வைத்தார், அப்புறம் இன்னொன்று. தோள் இறங்கியது. கவுன் விரிந்தது. நெடுநெடுவென்று உயர்ந்த அந்த அம்மாள், அவரைவிட உயர்ந்த ஒரு மனிதர் கையில் காற்றாடி மாதிரி சுழன்றார். சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஆட்டத்தை நிறுத்தி, விலகி, இடம் விட்டார்கள். மதாம் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை.

பாட்டு முடியப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த பாட்டைப் போடலாம் என்று கையை நீட்டினேன். கண்ணைத் திறக்காமலே, அந்தக் கோடியிலிருந்து மதாம் கத்தினார்:

"ஏழுமலை! பாட்ட நிறுத்தின, கால ஒடிச்சிடுவேன்!"

நான் நிறுத்தவில்லை. அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.